மூலவர் கட்சியும் மூன்று கோலும்

திருமயிலையில் நான்கு பெரியவர்கள் கூடி ஒரு செயலைச் செய்வதென்று துணிந்தால், முதலில் அந்தச் செயலைச் செய்ய மாட்டார்கள். ஒரு சபையைச் செய்வார்கள். சபைக்குத் தலைவர் வாய்ப்பார். தலைவருக்குச் சோபா வாய்க்கும். சோபாவின் முன் ஜமக்காளம் விரியும். ஜமக்காளத்தின்மேல் சந்தனப் பேலாவும் பன்னீர்ச் செம்பும் எழுந்தருளும். இவையெல்லாம் குறைவற அமைந்தபின் இடமும் பொழுதும் எஞ்சுமானால், தொடங்கிய செயலும் ஒரு மூலையில் நடைபெறும்.

இம்முறையில் தோன்றியதே மாடவீதி மனோல்லாசப் பந்தாட்ட சபை. 1934-ஆம் ஆண்டு சித்திரையில் அதற்கு வயது பன்னிரண்டு. நிர்வாகக் குழுவினர் முப்பத்தொருவர், முத்திரைகள் இரண்டு, கொடி ஒன்று, இறைவணக்கப் பாடல் ஒன்று, அதற்கு மெட்டு இரண்டு, எந்த மெட்டு என்பது பற்றிய வழக்கு ஒன்று. பந்தும் ஒன்று இருந்தது. முந்திய ஆண்டு லீக் ஆட்டங்களில் சபை கடைசியில் நின்றதை ஆண்டறிக்கை மறைக்கவில்லை. "ஏனைய சங்கங்கள் அனைத்தையும் அடியிலிருந்து தாங்கும் பொறுப்பு இவ்வாண்டும் நம்மிடமே வந்தது" என்று அது பணிவோடு கூறியது.

இச்சபைக்கு உண்மை அடியார் ஒருவர் இருந்தார். பெயர் சந்திரமௌலி; மயிலாப்பூர்த் தபாலாபீசில் கடிதம் பிரிக்கும் உத்தியோகம். காலையில் கபாலீசுவரர் சந்நிதியிலும் மாலையில் மந்தைவெளி மைதானத்திலும் நிற்பது அவர் நியமம். சந்நிதியில் அவர் வேண்டிக்கொண்டதெல்லாம் மைதானத்தைப் பற்றியே. செல்வம் கேட்டாரில்லை, வீடு கேட்டாரில்லை. சபை ஓர் ஆண்டிலாவது பத்துக் கோல் போட வேண்டும் என்று மட்டும் பன்னிரண்டு ஆண்டுகளாக விண்ணப்பித்து வந்தார்.

அச்சித்திரைக்கு முந்திய மாசியில் விண்ணப்பத்துக்கு விடை கிடைத்தது. சாந்தோம் கடற்கரையில், வலை உலர்த்தும் மணலில், குப்பத்து இளைஞர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் மண்ணாங்கட்டி என்பவன், கட்டுமரக்காரர் மகன், இருபது வயதினன், ஐந்து பேரைக் கடந்து வெறுங்காலால் பந்தை இரு மரங்களுக்கு நடுவே செலுத்தினான். பந்து அவன் பாதத்தை நீங்க மனமில்லாமல் நீங்கியது. கண்ட சந்திரமௌலி கோயில் இருந்த திசை நோக்கி ஒரு கும்பிடு போட்டார். அன்றுமுதல் மணலில் அவனோடு பேசிப் பழகினார்.

ஆனால் அதே மணலில் வேறொருவரும் நின்று பார்த்திருக்கிறார். சித்திரை பிறந்ததும் மண்ணாங்கட்டி வந்து சொன்னான்:

"சாமி, பெரம்பூர் ரயில் பட்டறைக் கட்சிலேர்ந்து ஆள் வந்து கூப்ட்டுக்கினு கீறான். பேர் குடுத்துட்டா இந்த வருசம் பூரா அவங்களுக்குத்தான் ஆடணும். இன்னா சொல்றே?"

"அவசரப்படாதேடா. சனிக்கிழமை நம்ம சபைல ஒத்திகை ஆட்டம். நம்மவாளே ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு ஆடறது. அன்னிக்கு நீ ஆடறதப் பாத்தா பதினொரு பேர்ல உன்னத்தான் மொதல்ல எழுதுவா. பெரம்பூர் எங்கே, மந்தைவெளி எங்கே? உங்க குப்பத்துக்கு இது கூப்பிடு தூரம். நான் ஆச்சு."

"திங்கக்கெழம அஞ்சு மணிக்குள்ள லீக்கு ஆபீசுல பேர் ஏறணுமாம் சாமி. ஏறலன்னா இந்த வருசம் நான் கரையில குந்திக்கினு ஈ ஓட்டணும். உன் வார்த்தைய நம்பித்தான் நிக்கிறேன்."

"நான் ஆச்சுடா" என்றார் சந்திரமௌலி மறுபடியும். வாக்குக் கொடுப்பதில் அவருக்குப் பழக்கம் இல்லை. அதனால் இருமுறை கொடுத்தார்.

அவர் அறியாத செய்தி ஒன்று உண்டு. பிற சங்கங்கள் ஒத்திகை ஆட்டம் நடத்தி, அதில் நன்றாக ஆடியவர்களைத் தேர்ந்தெடுக்கும். மனோல்லாச சபை அவ்வாண்டுதான் முதன்முறையாக ஒத்திகை நடத்த முன்வந்தது. ஆகவே அம்முறையை ஆராய்ந்து செம்மை செய்துகொண்டது. பதினொருவரை முதலில் தேர்ந்தெடுத்துவிடுவது. பிறகு ஆட்டம் நடத்தி, தேர்ந்தெடுத்தது சரியே என்று மெய்ப்பிப்பது. தேர்வின் பின் தேர்வு வைத்தால் பிழை நேராது என்பது செயலாளர் வக்கீல் பராங்குசத்தின் கண்டுபிடிப்பு. தேர்ந்தெடுக்கப்பட்ட பதினொருவரும் குழுவினரின் மக்கள், மருமக்கள், மைத்துனர் என்னும் மூவகைக்குள் அடங்கினர்.

அவர்களுக்கு 'மூலவர் கட்சி' என்றும், எஞ்சியோருக்கு 'உற்சவர் கட்சி' என்றும் குழு பெயரிட்டது. கருவறைச் சொற்களைக் காற்றடைத்த தோலுக்கு வழங்குவது அபசாரம் என்று அஞ்சுவோர் அஞ்சுக. பெயர்ப் பொருத்தத்தை மறுக்க இயலாது. உற்சவர் கட்சியார் நாற்புறமும் ஓடி உலா வந்தனர். மூலவர் கட்சியார் எழுந்தருளச் செய்த இடத்தைவிட்டு இறுதிவரை அசையவில்லை.

சனிக்கிழமை நான்கு மணிக்கு ஆட்டம் என்று துண்டுப் பிரசுரம் சொல்லியது. நான்கு மணிக்குக் கொடி ஏறிற்று. நாலேகாலுக்கு இறைவணக்கம், வழக்குத் தீராமையால் இரு மெட்டிலும் பாடப்பட்டது. நாலரைக்குப் பந்துக்கு மாலை சூட்டிச் சந்தனம் பூசினார்கள். பன்னீரை நெற்றியில் தெளிக்க வேண்டும், பந்துக்கு நெற்றி எது என்று தெளியாமையால் முழுவதும் நனைத்தார்கள். அதன்பின் தலைவர், ஓய்வு பெற்ற டிப்டி கலெக்டர், ராவ் பகதூர் ரகுபதி, சோபாவினின்றும் இருவர் கைதாங்க எழுந்தார்.

"மகாஜனங்களே! தோல்வி என்பது பிறரால் வருவது. இன்று இம்மைதானத்தில் பிறர் இல்லை. இருபத்திருவரும் நம்மவர். ஆகவே இன்று நாம் தோற்க இயலாது. தோற்க இயலாத ஓர் ஆட்டத்தைப் பன்னிரண்டு ஆண்டுகளாக நாடி அலைந்தோம். அது நம் வீட்டிலேயே இருந்தது! பந்தைக் காலால் உதைப்பது எளிது, அதை யாரும் செய்வர். எவர் உதைக்க வேண்டும், எவர் உதைக்கலாகாது என்று அறிவதே நிர்வாகம். நான் பந்தாட்டம் ஆடியவன் அல்லன். அதனாலேயே விருப்பு வெறுப்பின்றி அதை நடத்த என்னால் முடிகிறது."

இவ்வாறு நாற்பது நிமிஷம். செயலாளர் நன்றி கூறினார். தலைவர் அந்நன்றிக்கு நன்றி கூறினார். மேற்கே சூரியன் தென்னைகளுக்குள் இறங்கத் தொடங்கியபோது, ராயப்பேட்டையிலிருந்து வரவழைக்கப்பட்டிருந்த ரெப்ரீ, ஓய்வு பெற்ற போலீஸ்காரர் பீர் முஹம்மது, ஊதலை எடுத்து ஊதினார். ஒன்றரை மணி நேரமாக அதை வாயருகில் வைத்துக் காத்திருந்தவர் ஆதலால் சற்று உரக்கவே ஊதினார்.

நான்காவது நிமிஷம். உற்சவர் கட்சியின் வலப்புற ஓரத்தில் மண்ணாங்கட்டிக்குப் பந்து கிடைத்தது. மூலவர் கட்சியில் முதலில் எதிர்ப்பட்டவர் ஒரு மைத்துனர். அவர் தம் புதிய பூட்சின் வாரைக் கட்டிக்கொண்டிருந்தார். அடுத்து மக்கள் இருவர். "நீ போடா", "நீ போயேன்" என்று ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டிருந்தனர். கம்பங்களின் நடுவே நின்றவன் தலைவரின் தமக்கை மகன் சீமாச்சு. பந்து வருவதை அவன் பார்த்தான்; போவதையும் பார்த்தான். இரண்டுக்கும் நடுவே செய்யத்தக்கது ஏதேனும் உண்டென்று அவனுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

"கோல்!" என்று சந்திரமௌலி துள்ளி எழுந்து கைதட்டினார்.

ஜமக்காளத்தில் முப்பத்தொரு தலைகள் திரும்பின.

"யாருக்கு விழுந்தது?" என்று தலைவர் வினவினார்.

"நமக்கு" என்றார் செயலாளர்.

"போட்டது?"

"நாம்தான்."

"அப்படியானா, அந்த மனுஷர் எதுக்கு ஓய் சந்தோஷப்படறார்?"

ஆட்டம் நிறுத்தப்பட்டது. குழு மைதானத்தின் நடுவே கூடிக் கால் மணி நேரம் ஆலோசித்தது. கடற்காற்று கிழக்கிலிருந்து வீசியது. பந்தும் கிழக்கிலிருந்தே சென்றது. எனவே அது காற்றின் செயல். கோல் குறித்துக்கொள்ளப்படும், ஆனால் எண்ணப்படாது என்று தீர்மானம் ஆயிற்று.

"பந்து உள்ள போச்சு, ஊதினேன்" என்றார் பீர் முஹம்மது. "குறிச்சுக்கினா எண்ணித்தான ஆவணும் ஐயா?"

"எண்ணுவது குழுவின் வேலை. ஊதுவது உம்முடைய வேலை" என்றார் செயலாளர்.

"முப்பது வருசம் போலீசுல ஊதினேன். ஓடறவன நிறுத்தத்தான் ஊதச் சொல்வாங்க. இங்க ஒருத்தன்தான் ஓடறான், அவன எதுக்கு நிறுத்தணும்?" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் நடுவிடத்துக்குத் திரும்பினார்.

பதினோராம் நிமிஷத்தில் இரண்டாவது. இம்முறை பந்து மேற்கிலிருந்து கிழக்கே செல்லுமாறு முனைகளைக் குழு மாற்றி வைத்திருந்தமையால், காற்றைக் குற்றம் சொல்ல வழியில்லாமல் போயிற்று. சந்திரமௌலி மறுபடியும் கைதட்டினார். காரணம் தேடிய குழுவின் கண்கள் மண்ணாங்கட்டியின் பாதங்களில் சென்று நின்றன.

"பாத்தேளா! வெறுங்கால்!" என்றார் செயலாளர். "விரலெல்லாம் நிலத்தைப் பற்றுகிறது. பத்து விரல் உள்ளவனோடு பூட்ஸ் அணிந்தவர்கள் எப்படி ஆடுவார்கள்? இது சமநீதிக்கு விரோதம்."

"அவங்களுக்கும் பத்து வெரல் கீது சார்" என்றான் மண்ணாங்கட்டி. "பூட்ஸுக்குள்ள கீது. வோணும்னா கயட்டிப் பாருங்கோ."

பொருளாளரின் மகனுக்கென்று வாங்கி, அவன் காலுக்கும் பெரிதாகிப்போன பூட்ஸ் ஒரு ஜோடி கொண்டுவரப்பட்டது. மண்ணாங்கட்டி அதனுள் இறங்கினான். அணிந்தான் என்று சொல்ல முடியாது. இரு தோணிகளில் கால்வைத்து நிற்பவன்போல நின்று சந்திரமௌலியைப் பார்த்தான். அவர் கண்ணால் கெஞ்சினார்: 'பொறுத்துக்கோடா, பதினொருவரில் எழுதிவிடுவார்கள்.'

பதினெட்டாம் நிமிஷத்தில் பந்து மறுபடியும் அவனிடம் வந்தது. ஓட முடியாதவன் நின்ற இடத்திலிருந்தே வலக்காலை வீசினான். பந்தும் பூட்சும் ஒரே கணத்தில் புறப்பட்டன. பந்து இடக் கம்பத்தை ஒட்டி உள்ளே புகுந்தது. பூட்ஸ் வலக் கம்பத்தை நோக்கி வந்தது. சீமாச்சு தன் வாழ்நாளில் முதன்முறையாகப் பாய்ந்தான்; பூட்சை இரு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டு விழுந்தான்.

ஜமக்காளம் அதிர்ந்தது. "பலே! பலே! என்ன பிடி!" என்று முப்பத்தொருவரும் எழுந்து ஆர்த்தனர். தலைவர் கண்ணில் நீர் துளிர்க்க, தம் தோளிலிருந்த சரிகை அங்கவஸ்திரத்தைக் கொண்டுபோய் மருமகன் தோளில் போர்த்தினார். அந்த ஆரவாரத்துக்குள் சந்திரமௌலியின் மூன்றாவது கைதட்டல் தனித்துக் கேட்டது. ஏனெனில் அவர் ஒருவரே மற்றக் கம்பத்தைப் பார்த்துத் தட்டினார்.

வெளிச்சம் போதாது என்று ஆட்டம் அத்துடன் முடிக்கப்பட்டது. வெளிச்சம் நிறையவே இருந்தது.

ஞாயிறு காலை, லஸ் பக்கத்திலிருந்த தலைவரின் பங்களாவில் விசாரணைக் குழு கூடியது. மண்ணாங்கட்டியும் சந்திரமௌலியும் வரவழைக்கப்பட்டு நிறுத்தி வைக்கப்பட்டனர். வக்கீல் பராங்குசம் கோர்ட்டுக்கு அணியும் கறுப்புக் கோட்டையே அணிந்து வந்திருந்தார்.

"சென்ற ஆண்டு முழுதும் எதிரிகள் நமக்குப் போட்ட கோல்கள் நாற்பத்தொன்று. அவர்கள் எதிரிகள், அது அவர்கள் தர்மம். ஆனால் பதினெட்டே நிமிஷத்தில் மூன்று முறை நம் வலையை அசைத்தவன் எதிரியல்லன். நம் சட்டையை அணிந்து, நம் பன்னீரால் நனைந்த பந்தை, நம் மைதானத்தில், நம் கோலுக்குள்ளேயே செலுத்தியிருக்கிறான். இதற்குச் சபை விதிகளில் தண்டனை இல்லை. இப்படி ஒருவன் செய்வான் என்று விதி எழுதியவர்கள் கனவிலும் கருதவில்லை!"

சாட்சியாகச் சீமாச்சு அழைக்கப்பட்டான். அங்கவஸ்திரம் இன்னும் தோளில் இருந்தது.

"அவன் எங்கிட்ட சொல்லாம அடிச்சான் மாமா. எந்தப் பக்கம்னு முன்னாடியே சொல்லியிருந்தா நான் அங்க போய் நின்னிண்டிருப்பேன்."

"சொல்லிட்டு அனுப்பறதுக்கு அது இன்னா தந்தியா?" என்றான் மண்ணாங்கட்டி.

"பேசாதே! நீ ஏன் அடித்தாய்?" என்றார் செயலாளர்.

"கோல் போடத்தான் சார் அடிச்சேன். வேற எதுக்கு அடிப்பாங்க?"

இந்த விடையைக் கேட்டுக் குழுவினர் ஒருவரையொருவர் பொருள்பட நோக்கினர். குற்றவாளி தானே ஒப்புக்கொண்டான் என்று செயலாளர் எழுதிக்கொண்டார். பின்னர்ச் சந்திரமௌலியின் பக்கம் திரும்பினார்.

"நீர் கைதட்டினது யாருக்கு?"

"கோலுக்கு."

"எந்தக் கட்சிக்கு என்று கேட்கிறேன்."

"ரெண்டும் நம்ம கட்சிதானே? நம்ம சபை கோல் போட்டுப் பாக்கணும்னு பன்னண்டு வருஷமாக் காத்திண்டிருந்தேன். போட்டான், தட்டினேன்."

"கேட்டீர்களா! முதல் கோல் அறியாமையால் விழுந்திருக்கலாம். அதற்குக் கைதட்டல் கிடைத்ததனால்தான் இரண்டாவதும் மூன்றாவதும் விழுந்தன. இவர் தூண்டினார், அவன் செய்தான்."

தலைவர் ஒரு நாழிகை கண்மூடி இருந்தார். உறக்கமா ஆலோசனையா என்று பிரித்தறியும் உரிமை குழுவில் எவருக்கும் இல்லை. கண் விழித்ததும் தீர்ப்பு வந்தது.

"நாம் இரக்கமற்றவர்கள் அல்லர். இவனுக்கும் பதினொருவரில் இடம் தருவோம்."

சந்திரமௌலியின் கைகள் தாமே குவிந்தன. தலைவர் தொடர்ந்தார்:

"நம் கோலுக்குள் பந்தைச் செலுத்தும் வல்லமை இவன் ஒருவனுக்கே இருப்பதாக விசாரணையில் தெரிகிறது. ஆகவே இவனை நம் கோலுக்குள்ளேயே நிறுத்திவிட்டால் அந்த அபாயம் அடியோடு நீங்கும். இனி இவன் கோல்காப்பான். சீமாச்சு மூன்று கோல்களையும் மிக அருகில் நின்று கண்டவன். கோல் எப்படி விழுகிறது என்பதில் அவனுக்குள்ள அனுபவம் நம்மில் எவருக்கும் இல்லை. ஆகவே அவன் முன்வரிசையில் ஆடுவான். கைதட்டியவர் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும். தவறினால் நம் மைதானத்தில் அவர் கால் வைக்கலாகாது."

லீக் ஆபீசுக்குச் செல்ல வேண்டிய தாளும் மைப் பெட்டியும் மண்ணாங்கட்டியின் முன் வைக்கப்பட்டன. பெருவிரல் பதிய வேண்டிய இடத்தில் செயலாளர் பென்சிலால் வட்டம் இட்டிருந்தார்.

அவன் தாளைப் பார்த்தான். "சார், நான் கம்பத்துக்கு நடுவுல நின்னா அவங்க போடறத தடுப்பேன். செரி. நம்ம கோல யார் போடுவாங்க?"

"சீமாச்சு" என்றார் செயலாளர்.

"இவரா? பந்த உட்டுட்டு பூட்ஸப் புடிக்கிறவரா?"

"அதிகப்பிரசங்கம் பண்ணாதே. கோல் போடுவதைப் பற்றி ஆராய ஓர் உபகுழு நியமித்திருக்கிறோம். ஐப்பசிக்குள் அறிக்கை வந்துவிடும்."

"ஐப்பசியா? ஆடியோட லீக்கு முடிஞ்சிடுமே சார்!"

"நிதானம் வேண்டுமப்பா. வை விரலை."

மண்ணாங்கட்டி விரலை மையில் தோய்த்தான். தாளுக்கு மேலே அதை நிறுத்தியபடி சந்திரமௌலியைத் திரும்பிப் பார்த்தான்.

"நான் ஆச்சுன்னியே சாமி. வைக்கட்டுமா?"

சந்திரமௌலி முப்பத்தொருவரையும் பார்த்தார். பன்னிரண்டு ஆண்டுகளாக மழையிலும் வெயிலிலும் அவர் நின்ற எல்லைக்கோடு நினைவில் எழுந்தது. இனி அங்கே நிற்கக் கிடைக்காது.

"வைக்காதேடா" என்றார்.

"என்ன ஓய்!" என்று செயலாளர் எழுந்தார்.

"வைக்காதே. இந்தக் கோல்ல நீ நின்னா ஒரு வருஷம் நின்னிண்டேதான் இருப்பே. நாளைக்குக் கார்த்தால லஸ் முனைக்கு வந்துடு. நானே பெரம்பூருக்கு அழைச்சிண்டு போறேன்."

மண்ணாங்கட்டி மைவிரலைத் தன் இடுப்புத் துணியில் துடைத்தான். "அப்ப நான் வர்றேன் சார்" என்று முப்பத்தொருவருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுப் படியிறங்கினான்.

"நன்றிகெட்ட உலகம்! கோலையே கொடுத்தோம், வேண்டாம் என்கிறான்" என்றார் ராவ் பகதூர்.

திங்களன்று சந்திரமௌலி பத்தொன்பது ஆண்டு உத்தியோகத்தில் முதன்முறையாக வயிற்றுவலி என்று பொய் எழுதி விடுப்பு எடுத்தார். டிராம் ஏறிச் சென்ட்ரலுக்கும், அங்கிருந்து ரயிலேறிப் பெரம்பூருக்கும் இருவரும் சென்றனர். பட்டறைக் கட்சியின் மானேஜர், கையெல்லாம் எண்ணெய்க் கறையோடு, ஒரு பெஞ்சியில் அமர்ந்து பட்டியலை எழுதி முடிக்கும் தறுவாயில் இருந்தார். சோபா இல்லை, சந்தனம் இல்லை, இறைவணக்கத்துக்கு மெட்டும் இல்லை.

"எந்த எடத்துல ஆடறே?" என்று மட்டும் கேட்டார்.

"வலது ஓரம் சார். வெறுங்கால்தான்."

"காலு உன்னுது. நீ இன்னா வோணா மாட்டிக்கோ. கோல் போட்டா செரி."

பெயர் ஏறியது. மானேஜரோடு போய் லீக் ஆபீசில் பட்டியலைக் கொடுத்து அவர்கள் வெளியே வந்தபோது மணி நாலே முக்கால். நடைபாதையில் மண்ணாங்கட்டி, "மொத ஆட்டத்துக்கு வந்துடு சாமி. வலப் பக்கக் கோட்டாண்டை நில்லு. நீ தட்டறது கேக்கணும்" என்றான்.

செவ்வாயன்று சபையிலிருந்து நோட்டீஸ் வந்தது. தீர்ப்பின்படி மன்னிப்புக் கடிதம் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும் என்றது. சந்திரமௌலி நோட்டீசை இருமுறை படித்தார். நல்ல தாளாக ஒன்று எடுத்து, அழகிய கையெழுத்தில், மேலே பிள்ளையார் சுழியிட்டு எழுதி, அன்று மாலையே அனுப்பினார். புதன்கிழமை கூடிய நிறைகுழுவின் முன், வக்கீல் பராங்குசம் அதைக் கோர்ட்டில் வாசிக்கும் குரலில் வாசித்தார்:

"மகா கனம் பொருந்திய சபையோர் திருமுன்பு அடியேன் விண்ணப்பம். சென்ற சனிக்கிழமை மந்தைவெளி மைதானத்தில் நடைபெற்றதைப் பந்தாட்டம் என்று பிழைபட எண்ணி மூன்று முறை கைதட்டிவிட்டேன். சபையோர் என் அறியாமையைப் பொறுத்தருள வேண்டும். இனி இச்சபையில் நடைபெறும் எதனையும் நான் அவ்வாறு எண்ண மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்."

ராவ் பகதூர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுவல்லவோ பணிவு!" என்றார். "பன்னிரண்டு ஆண்டுகளில் நம் சபையின் தன்மையை இவ்வளவு தெளிவாக உணர்ந்து எழுதியவர் வேறு யார்?"

மன்னிப்பு ஏகமனதாக ஏற்கப்பட்டது. தீர்மானத்தைச் செயலாளர் முன்மொழிந்தார். வழிமொழிந்தவன், இனி முன்வரிசையில் ஆடவிருக்கும் சீமாச்சு.